இருதயக் கதவுகளும் தோலின் குடிகளும்

மனிதன் தன்னந்தனியே வாழ்பவன் அல்லன். உற்றாரும் ஊராரும் இல்லாத தீவொன்றிலே ஒருவனைக் கொண்டுபோய் விட்டாலும், அவனோடு கோடானுகோடி உயிர்கள் உடன் செல்லும். அவை அவன் தோலிலும் வாயிலும் குடலிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுட் பெரும்பாலானவை அவனுக்குத் தீங்கு செய்வனவல்ல. சில நன்மையும் செய்வன. ஆயின், அவனுடைய இருதயத்திலே பழுதுற்ற வால்வு ஒன்றை அகற்றிப் புதியதொன்றை வைக்க நேருங்கால், நேற்றுவரை நல்ல அயலவராயிருந்த அவ்வுயிர்களே உயிர்க்கு இறுதி செய்யும் பகைவராக மாறுதல் கூடும். இஃது எவ்வாறு நிகழ்கின்றது, இதனைத் தடுக்க வைத்தியரும் தாதியரும் யாது செய்கின்றனர், வால்வு மாற்றப்பெற்றவர் தாம் யாது செய்தல் வேண்டும் என்னும் மூன்றனையும் இக்கட்டுரையிலே சுருக்கமாக ஆராய்வாம்.

இவ்விடயத்தை இம்மலருக்கென நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்றோர் பலர் அறுபதும் எழுபதும் கடந்துவிட்டனர். நெஞ்சிலே நீண்ட தழும்போடு பழைய மாணவர் கூட்டங்களுக்கு வருவோர் இன்று அரியரல்லர். சத்திரசிகிச்சை நன்கு முடிந்தது என மகிழ்ந்து வீடு திரும்பும் பலர், அதன்பின் ஆயுட்காலம் முழுவதும் காக்கவேண்டியதொன்று உண்டென்பதை அறியாதிருக்கின்றனர். அவ்வறியாமை நீங்கினால் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.

நான்கு கதவுகள்

ஆய்வுகூடத்திலே ஆட்டின் இருதயத்தை வெட்டிப் பார்த்தோருக்கு அதன் அமைப்பு நினைவிருக்கும். மேலே இரண்டு சோணையறைகள். கீழே இரண்டு இதயவறைகள். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வலப்புறத்தில் முக்கூர் வால்வும் இடப்புறத்தில் இருகூர் வால்வும் உள. கீழறைகளிலிருந்து குருதி வெளிச்செல்லும் இரு வாயில்களிலும் அரைமதி வால்வுகள் உள. இந்நான்கும் ஒருபுறமாக மாத்திரம் திறக்கும் கதவுகள். இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100,000 முறை துடிக்கின்றது. அத்தனை முறையும் இக்கதவுகள் திறந்து மூடுகின்றன. மனிதன் செய்த எந்தக் கதவும் இவ்வளவு உழைப்பைத் தாங்குமோ என்பது ஐயமே.

இக்கதவுகள் பழுதுறுதற்குச் சிறந்த காரணங்கள் இரண்டு. முதலாவது மூட்டுவாதக் காய்ச்சல். சிறுவயதிலே தொண்டையிற் பற்றும் ஸ்ட்ரெப்டோகொக்கசு என்னும் பற்றீரியாவை எதிர்க்க எழும் உடலின் சக்தி, தன் இலக்குத் தப்பித் தன் வால்வையே தாக்குவதால் அதன் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்கின்றன. எமது நாட்டிலும் இந்தியாவிலும் இந்நோயால் இருதயம் கெட்டோர் தொகை சிறிதன்று. இரண்டாவது முதுமை. ஆண்டுகள் செல்லச்செல்லப் பெருநாடியின் வாயிலிலுள்ள வால்விற் சுண்ணாம்பு படிந்து, அஃது இறுகித் திறவாதாகின்றது.

இவற்றைத் திருத்த மனிதன் கைவைத்த வரலாறு நூறாண்டு அளவினதே. 1925 ஆம் ஆண்டிலே இலண்டனிற் சேர் ஹென்றி சூட்டர் என்னும் சத்திரவைத்தியர், துடிக்கும் இருதயத்துட் தம் விரலைச் செலுத்தி இருகூர் வால்வை விரித்தார். 1953 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்பார், தாம் ஆக்கிய இருதய நுரையீரல் இயந்திரத்தின் துணையால் இருதயத்தைத் திறந்து வைத்தியம் செய்து வெற்றி கண்டார். 1960 ஆம் ஆண்டிலே பொஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், ஒரிகனில் ஆல்பேட் ஸ்டாரும் செயற்கை வால்வை இருதயத்தினுள்ளே பொருத்தினர். ஸ்டாருக்கு அவ்வால்வை ஆக்க உதவியவர் லோவல் எட்வேட்ஸ் என்னும் பொறியியலாளர். சிறு கூட்டினுள் உருளும் பந்தொன்றே அன்றைய வால்வு. அயல் நாடாகிய இந்தியாவில், திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரைத் திருநாள் நிலையத்திற் செய்யப்பெற்ற வால்வு 1990 ஆம் ஆண்டிலே முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பெற்றது. 2002 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு ரூவான் நகரில் அலன் கிறிபியே என்பார், நெஞ்சைப் பிளவாது குருதிக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி வால்வை இருத்தினார். இன்று முதியோர் பலருக்கு இம்முறையே கையாளப்படுகின்றது.

இவையனைத்தும் வியத்தற்குரியன. ஆயினும் இவ்வழிகள் யாவற்றுக்கும் பொதுவான நுழைவாயில் ஒன்றுண்டு. அது தோல்.

தோலின் குடிகள்

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறக்குறைய 2 சதுர மீற்றர் பரப்பளவு காணும். நிலமொன்றிலே மேடும் பள்ளமும் வறள்நிலமும் சதுப்பும் இருப்பதுபோல, இப்பரப்பிலும் முழங்கை வறண்டது; அக்குள் ஈரமானது; முகமும் மார்பும் நெய்ப்பசை மிக்கன. நிலத்துக்கேற்ற பயிர்போல இடத்துக்கேற்ற பற்றீரியாக்கள் அங்கங்கே வாழ்கின்றன.

1938 ஆம் ஆண்டிலே பிலிப் பிரைஸ் என்னும் அமெரிக்க சத்திரவைத்தியர் கைகளைப் பலமுறை கழுவிக் கழுவி, ஒவ்வொரு கழுவலிலும் எத்தனை கிருமிகள் நீங்குகின்றன எனக் கணக்கிட்டார். அதனால் அவர் கண்ட உண்மை யாதெனில், தோலிலுள்ள கிருமிகள் இருவகையின என்பதாம். ஒருவகை வழிப்போக்கர், பிறரைத் தொட்டும் பொருளைத் தொட்டும் வந்து ஒட்டுவன, சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவ நீங்கிவிடுவன. மற்றொருவகை நிலையான குடிகள். மயிர்க்குழிகளிலும் நெய்ச்சுரப்பிகளின் வாயிலிலும் ஆழப் பதிந்து வாழ்வன. இவற்றைக் குறைக்கலாம், முற்றாக ஒழித்தல் இயலாது. மேற்றோலைத் துடைத்துச் சிலமணி நேரத்துள், ஆழத்திலிருந்தவை பெருகி மீண்டும் மேலே வந்துவிடும்.

வால்வுச் சத்திரசிகிச்சைக்குப் பெரிதும் தொடர்புடைய குடிகள் மூன்று. முதலாவது ஸ்டபிலோகொக்கசு ஓரியசு. முந்திரிகைக் குலைபோற் கூட்டங்கூட்டமாகத் தோன்றுதலின், அபடீன் நகரத்துச் சத்திரவைத்தியர் அலெக்சாந்தர் ஒக்ஸ்டன் 1882 ஆம் ஆண்டளவில் இவ்வினத்துக்குக் கிரேக்க மொழியிலிருந்து அப்பெயரைச் சூட்டினார். பொன்னிறமாய் வளர்வதனை ஓரியசு என 1884 ஆம் ஆண்டிலே வேறுபிரித்தவர் ஜேர்மானியராகிய ரோசன்பாக். இது நால்வரில் அல்லது ஐவரில் ஒருவரின் மூக்கினுள்ளே ஆரவாரமின்றி வாழ்கின்றது. இரண்டாவது ஸ்டபிலோகொக்கசு எபிடேர்மிடிசு. இது தோல் பெற்ற மனிதர் யாவரிடமும் உண்டு. மூன்றாவது கியூட்டிபற்றீரியம் அக்னெசு. இளைஞர் முகத்துப் பருக்களோடு தொடர்புடையது. ஒட்சிசன் குறைந்த நெய்க்குழிகளின் அடியிலே வாழ்வது. மிக மெதுவாகப் பெருகுவது.

எபிடேர்மிடிசு கொடியதன்று. தீய கிருமிகள் குடியேறாவண்ணம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எமக்கு உதவுவது எனவும் கூறுவர். ஆண்டுக்கணக்காக வைத்தியர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். நோயாளியின் குருதியை வளர்த்துப் பார்த்து அஃது அகப்பட்டால், ஊசி குத்திய தோலிலிருந்து கலந்த மாசு என்று தள்ளிவிடுவர். செயற்கைப் பொருட்களை உடலினுள் வைக்கத் தொடங்கிய பின்னரே அதன் மறுமுகம் தெரியவந்தது.

அயலவர் பகைவராவது

ஏன் இம்மாற்றம்? இதற்கு விடை தருவது 1957 ஆம் ஆண்டிலே எலெக், கொனென் என்னும் இருவர் இங்கிலாந்தில் நடாத்திய ஆய்வு. தாமாக முன்வந்தோரின் தோலினுள்ளே அவர்கள் ஸ்டபிலோகொக்கசுக் கிருமிகளைச் செலுத்தினர். வெறுந்தோலிலே சீழ்க்கட்டு உண்டாவதற்குப் பல இலட்சக்கணக்கான கிருமிகள் வேண்டியிருந்தன. ஆயின், தைக்கும் பட்டுநூலொன்று அங்கே இருந்தபோது சில நூறு கிருமிகளே போதியனவாயின! கிருமி ஒன்றே, மனிதர் ஒத்தவரே, இடையிலே வந்தது ஒரு நூல். பட்டுநூற்றுண்டு ஒன்றே இத்துணை வேறுபாட்டைச் செய்யுமாயின், இருதயத்தின் நடுவே தைத்து வைக்கும் வால்வும் அதனைச் சூழ்ந்த துணி வளையமும் என்ன செய்யா?

காரணத்தைக் கூறுவாம். உடலின் உயிருள்ள இழையங்களுக்குக் குருதியோட்டம் உண்டு. வெண்குருதிக் கலங்கள் அங்கே காவற்காரர்போல உலாவுகின்றன. செயற்கைப் பொருளின் முகத்திற்கு அக்காவல் இல்லை. அங்கே ஒட்டிய பற்றீரியாக்கள் வழுவழுப்பான பசையொன்றைச் சுரந்து, அதனுள்ளே தம்மைப் புதைத்துக்கொள்கின்றன. நெடுநாட் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரிலே கைபட்டால் வழுக்கும் படலத்தை யாவரும் அறிவர். அதனை ஒத்ததே இது. அப்படலத்தினுள்ளிருக்கும் கிருமியை வெண்கலம் விழுங்கமாட்டாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் எளிதில் அழிக்கமாட்டாது. கிருமியும் உறைந்த குருதியும் சேர்ந்து வால்விலே கட்டிகளாகத் தொங்கும். அவற்றின் துணுக்கொன்று பிரிந்து மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் உண்டாகும். தையல் அறுந்து வால்வு தளர்ந்தால் இருதயம் இளைத்துவிடும்.

இருதய உட்சவ்விற் கிருமி பற்றும் இந்நோயைப் பற்றி 1885 ஆம் ஆண்டிலே சேர் வில்லியம் ஒஸ்லர் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகள் வைத்திய உலகிற் புகழ்பெற்றவை. அக்காலத்தில் இந்நோய் கண்டவர் பிழைத்தல் மிக அரிது. 1940 ஆம் ஆண்டுகளிற் பெனிசிலின் வந்தபின்னரே நம்பிக்கை பிறந்தது. எனினும் செயற்கை வால்விற் பற்றிய நோய் இன்றும் கடுமையானதே. வால்வு மாற்றப்பெற்றோருள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை முதலாண்டிலே இதனாற் பீடிக்கப்படுகின்றனர். அவருள் வைத்தியசாலையிலேயே இறப்போர் ஐவருக்கு ஒருவரிற் குறையார். பல வாரங்களுக்கு ஊசிமருந்து ஏற்றவேண்டும். பலருக்கு மறுபடியும் நெஞ்சைத் திறக்கவேண்டும். இம்முதலாண்டு நோய்க்குக் காரணமானவற்றுள் முன்னிற்பன தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டபிலோகொக்கசு இனங்களே. ஆதலின் வந்தபின் தீர்த்தலினும் வருமுன் காத்தலே இவ்விடயத்திற் சாலச் சிறந்தது.

காவலின் சங்கிலி

1865 ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரில் யோசேப்பு லிஸ்டர், வண்டியேறிக் கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் காபோலிக்கமிலம் தோய்த்த துணியைக் கட்டி, அது சீழ்பிடியாது ஆறக்கண்டார். 1890 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியாற் கைத்தோல் புண்பட்ட தாதி ஒருவருக்காக இறப்பர்க் கையுறை செய்வித்தார். கையைக் காக்க வந்த உறை பின்னர் நோயாளியையும் காப்பதாயிற்று. அன்றுதொட்டு வளர்ந்த அறிவின் சாரம் இதுவே: கருவிகளை முற்றாகக் கிருமியறச் செய்யலாம், தோலை அவ்வாறு செய்தல் இயலாது. கருவியை அவிக்கலாம்; மனிதனை அவிக்க முடியுமா? எனவே ஒரே அடியிற் பகைவரை வீழ்த்தும் வழி இல்லை. சிறிய செயல்கள் பலவற்றைச் சங்கிலிபோற் கோத்து, ஒவ்வொன்றாலும் கிருமியின் தொகையைச் சிறிது சிறிதாகக் குறைத்தலே வழி.

சங்கிலியின் முதற் கண்ணி சத்திரசிகிச்சைக்குப் பல நாட்களின் முன்னரே தொடங்குகின்றது. பற்சொத்தை, முரசு வீக்கம், காலிற் புண், நகச்சுற்று ஆகியன இருப்பின் அவற்றை முதலிலே தீர்த்தல் வேண்டும். மூக்கினுள் ஓரியசு இருக்கின்றதா எனப் பஞ்சால் ஒற்றிச் சோதித்து, இருப்பின் முப்பிரோசின் களிம்பை மூக்கினுள் இட்டு, குளோரெக்சிடீன் கலந்த சவர்க்காரத்தால் உடலைக் கழுவுவிப்பர். இதன் பயனை ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்று 2010 ஆம் ஆண்டிலே காட்டியது. மூக்கில் அக்கிருமியை உடையோருள், இவ்வாறு செய்யப்பெற்றவரிடையே வைத்தியசாலையில் அதனாலுண்டாகும் தொற்று நூற்றுக்கு 7.7 இலிருந்து 3.4 ஆகக் குறைந்தது.

அடுத்தது மயிர் நீக்கல். சவரக்கத்தி கொண்டு மழித்தலே தூய்மை என முன்னர் எண்ணினர். ஆயின் கத்தி தோலிலே கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்க, அவற்றிற் கிருமி பெருகும். 1971 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்றில், மழிக்கப்பெற்றோருட் புண் பழுதானோர் நூற்றுக்கு 5.6, மழிக்காது விட்டோர் அல்லது மருந்திட்டு மயிர் நீக்கப்பெற்றோருள் 0.6 மாத்திரமே. ஆகவே, இன்று மயிரை நீக்கியே ஆகவேண்டுமாயின் கத்தரிக்கும் இயந்திரத்தாலே கத்தரிக்கின்றனர். நோயாளியின் வீட்டார் அன்பு மிகுதியால் முதல்நாளிரவு மழித்து அனுப்புதல் நன்மையன்று.

பின்னர்த் தோலிற் கிருமிநாசினி பூசுதல். குளோரெக்சிடீன் 1954 ஆம் ஆண்டிலும் பொவிடோன் அயடீன் அடுத்த ஆண்டிலும் வழக்கிற்கு வந்தன. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு இன்னும் முற்றத் தீரவில்லை. 2010 ஆம் ஆண்டு ஆய்வு அற்ககோலிற் கரைத்த குளோரெக்சிடீனுக்குச் சார்பாயிற்று. ஆயின் அங்கே ஒப்பிடப்பெற்ற அயடீன் நீரிற் கரைத்தது. இரண்டையும் அற்ககோலிலே கரைத்து இருதய, வயிற்றுச் சத்திரசிகிச்சைகளில் ஒப்பிட்ட சுவிற்சர்லாந்து ஆய்வு 2024 ஆம் ஆண்டிலே வெளிவந்தபோது, அயடீன் குளோரெக்சிடீனுக்குத் தாழ்ந்ததன்று எனத் தெரிந்தது. ஆகவே, மருந்தின் பெயரிலும் மேலாக, அற்ககோல் சேர்ந்திருத்தலும் தேய்த்துப் பூசுதலும் தானே உலரவிடுதலும் முக்கியமென அறிகின்றோம். உலருமுன் துடைத்தால் மருந்து வேலை செய்யாது. உலருமுன் மின்கத்தியைப் பயன்படுத்தினால் அற்ககோல் தீப்பற்றவும் கூடும். இரண்டு மூன்று நிமிடம் கைகட்டி நிற்கும் பொறுமையே இங்கு மருந்து.

தோலிற் பூசிய மருந்து ஆழத்தே செல்லாதாகையால், குருதியின் வழியாகவும் காவல் வேண்டும். 1961 ஆம் ஆண்டிலே ஜோன் பேர்க் என்பார் கினிப் பன்றிகளில் நடாத்திய ஆய்வால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிருமி புகுமுன்னரே இழையங்களில் இருந்தாற்றான் முழுப்பயன் தருமென்றும், சிலமணி நேரம் தாழ்த்தாற் பயனில்லையென்றும் காட்டினார். இன்று செபசோலின் போன்ற மருந்தை வெட்டுதற்கு முந்திய 60 நிமிடங்களுள் ஏற்றுகின்றனர். நெடுநாள் தொடர்வதால் அதிக நன்மை இல்லை. இருதயச் சத்திரசிகிச்சையில் 48 மணிக்கு மேல் அதனை நீட்டலாகாதென்பதே பொது விதி. மிஞ்சினால் மருந்துக்கு அஞ்சாத கிருமிகளே பெருகும்.

குழாய் வழியே வால்வு வைக்கும் புதிய முறையில் வெட்டு மிகச் சிறியது. அதனால் ஆபத்து ஒழிந்ததென எண்ணுதல் தவறு. அக்குழாய் பெரும்பாலும் தொடையடியிலுள்ள நாடி வழியே செல்கின்றது. அவ்விடம் ஈரமும் மடிப்பும் உள்ளது. குடலிலிருந்து வரும் என்டரோகொக்கசு முதலிய பற்றீரியாக்களும் அங்கே உண்டு. இம்முறைக்குப் பின் வரும் வால்வு நோயில் அவ்வினத்தின் பங்கு பெரிதென அறிந்துள்ளனர். சிறு துவாரமேயெனினும் பெருஞ்சத்திரசிகிச்சைக்குரிய தூய்மை அங்கும் வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்தபின்னும் சங்கிலி அறுவதில்லை. கையிலும் கழுத்திலும் செருகிய ஊசிக் குழாய்கள் ஒவ்வொன்றும் தோலிலிருந்து குருதிக்குச் செல்லும் பாலம். வேண்டிய வேலை முடிந்தவுடன் அவற்றை அகற்றல் வேண்டும். தொடுமுன் கை கழுவாத வைத்தியரும், கட்டிலில் அமர்ந்து கட்டுத்துணியைத் தொட்டுப்பார்க்கும் உறவினரும் இவ்விடத்து ஒரே குற்றத்தை உடையர்.

வால்வு மாற்றப்பெற்றோர் கவனத்திற்கு

வீடு திரும்பிய பின் காவல் நோயாளியின் கைக்கு மாறுகின்றது. அவர் கருத்திற் கொள்ளவேண்டியன சிலவற்றைக் கூறுவாம்.

பல்லையும் முரசையும் நாள்தோறும் பேணுக. வாயிலே வாழும் ஸ்ட்ரெப்டோகொக்கசு இனங்கள் முரசின் வழியே குருதியிற் புகுவன. பல் பிடுங்குமுன்னும் முரசிற் கருவி படுமுன்னும் தமக்குச் செயற்கை வால்வு உண்டெனப் பல்வைத்தியரிடம் தவறாது கூறுக. அத்தகையோர்க்கு அவ்வேளையில் முற்கூட்டியே ஒருமுறை நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தலை அமெரிக்க இருதயச் சங்கம் 2007 ஆம் ஆண்டின் திருத்திய விதிகளிலும் விடாது வைத்துள்ளது.

தோலைப் பேணுக. சேற்றுப் புண், கீறல், வெடித்த குதி ஆகியவற்றைச் சிறிதென விடலாகாது. கட்டியையும் பருவையும் நகத்தாற் பிதுக்கலாகாது. பச்சை குத்துதலும் அழகுக்காகப் புதிதாய்த் துளையிடுதலும் இத்தகையோர்க்கு ஆகா. நீரிழிவு உடையவர் அதனைக் கட்டுப்பாட்டில் வைத்தல் இரட்டிப்புக் கடமை.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று. தெளிவான காரணமின்றிக் காய்ச்சல் தொடர்ந்தாலும், இரவிலே வியர்த்து உடல் மெலிந்தாலும், சந்திக் கடையிலே மாத்திரை வாங்கி உண்ணற்க. வால்விற் பற்றிய நோய் பெரும்பாலும் ஆரவாரத்தோடு வருவதன்று. அக்னெசு போன்றவை மாதக்கணக்காகப் பதுங்கியிருக்கும். முதலிலே குருதியெடுத்து வளர்த்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி உண்டால் கிருமி குருதியில் அகப்படாது. ஆயின் வால்விலே அழியாதிருக்கும். கள்வன் ஒளிந்திருக்க அவன் அடிச்சுவட்டை மாத்திரம் அழித்ததற்கு இஃது ஒப்பாகும். குருதி எடுக்குமுன் 'எனக்குச் செயற்கை வால்வு உண்டு' எனக் கூறும் ஒரு சொல் உயிரைக் காக்கவல்லது. ஏனெனில், மெதுவாக வளரும் கிருமிக்காக அச்சோதனையை வழக்கத்திலும் பல நாள் நீட்டிப் பார்க்கவேண்டும் என்பதை ஆய்வுகூடத்தார் அப்போதே அறிவர்.

இருதயத்தைத் திறக்கும் சத்திரவைத்தியரின் பெயரை நாம் நினைவில் வைத்துப் போற்றுகின்றோம். அது தக்கதே. ஆயின் மருந்து உலருமட்டும் பொறுத்து நின்ற தாதியின் பெயரையோ, கருவிகளை முறையாக அவித்த ஊழியரின் பெயரையோ, கட்டிலருகே வந்து கை கழுவியபின் தொட்ட மகளின் பெயரையோ எவரும் எழுதிவைப்பதில்லை. புதிய வால்வு இருபது ஆண்டுகள் தடையின்றித் திறந்து மூடுவதில் இவர்கள் அனைவர்க்கும் பங்குண்டு. எம் பழைய மாணவருள் வால்வு மாற்றப்பெற்றோர் இருப்பின், அவர்கள் இதனை ஒருமுறை வாசித்து, தம் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டி, தமது வால்வின் விபரம் எழுதிய அட்டையை எக்காலமும் உடன் வைத்திருப்பாராக.